காமாலை வந்த தெருவில் செய்யக்கூடாதவை

தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பக்கம் சுகாதார ஆய்வாளராகப் புதிதாக வருகிறவர்களுக்கு இது. கை கழுவு, கொதிக்க வை என்பதெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது

காமாலை தருகிற ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோய் தலைகாட்ட 15 முதல் 50 நாள் வரை ஆகும். போன மாசம் புனலூரில் நடந்த கல்யாணத்தைக் கேளுங்கள்.

தொட்டியில் குளோரின் பார்த்துவிட்டுத் திரும்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தானே வருகிறது? நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். ஓட்டை இருந்தால் சுற்றி நிற்கிற சாக்கடை உள்ளே போகும். பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாயே சாக்கடைக்குள்தான் கிடக்கிறது. ரெண்டு வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டுக்கு வீடு காமாலை. புதுப் பையன் தொட்டியைச் சோதித்து ‘குறையில்லை’ என்று எழுதிவிட்டான். விடியற்காலை தண்ணீர் திறக்கும் நேரத்துக்கு அவனைக் கடைசி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குழாய் வாயில் துணி கட்டியிருந்தது. "மொத ரெண்டு கொடம் நாறும் சார், செடிக்கு ஊத்திருவேன்" என்றார் அந்தம்மா. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை! முதல் தண்ணீரைப் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டோம், மஞ்சள் நிறமே வரவில்லை, அதாவது குளோரினே இல்லை. சாக்கடையைத் துழாவினால், இணைப்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைசிக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரினாவது நிற்க வேண்டும். நோய் பரவும் நேரத்தில் 0.5. தொட்டிக்கடியில் நின்று அதைச் சொல்ல முடியாது.

தெருவோரம் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவது

பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று ஜனங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

‘கேரளாவிலிருந்து வந்தது’ என்று எழுதுவது

கேரள எல்லையில் இருக்கிற ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் நம்மைக் கைகாட்டுவார்கள்.

பவுடரை அப்படியே கொட்டுவது

பிளீச்சிங் பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது தண்ணீரைத் திறக்காதீர்கள். 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் 1 பிபிஎம். ஆனால் வாய் பிரிந்து கிடந்த மூட்டையில் அந்த 25 இருக்காது. பழைய மூட்டையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.