பல வருஷம் தனியாக ஓட்டியவர் குரூப் ரைடுக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெல்மெட் போடுங்கள், லைசென்ஸ் எடுத்து வாருங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பதினைந்து இருபது வருஷம் வண்டி ஓட்டிவிட்டு முதல்முறையாக ஒரு ரைடிங் குழுவில் சேர்கிறவருக்கு அதெல்லாம் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனியாக ஓட்டும்போது நம் தப்பை எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்தால் அதுதான் சரியான முறை என்று கை பழகிவிடும். கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் புதியவர்களை அழைத்துப் போகும்போது நான் பெரும்பாலும் கடைசி வண்டியாக வருவேன். பின்னால் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துதான். வண்டி மட்டும் புதுசு.

பெட்ரோல் போடாமல் கிளம்பும் இடத்துக்கு வருவது

பத்து பேர் உங்களுக்காக பங்க்கில் நிற்பார்கள். முதல் நாள் இரவே போட்டுவிடுங்கள்.

ரைடுக்காகப் புது டயர் மாட்டுவது

மாட்டுவது தப்பில்லை, முதல் நாள் சாயங்காலம் மாட்டுவதுதான் தப்பு. புது டயரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டராவது ஊருக்குள் நிதானமாக ஓட்டித் தேய்த்த பிறகு மலைக்கு வாருங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல்

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லோரும் ஒழுங்காக இரண்டாம் கியரில், சில வளைவுகளில் முதல் கியரில் ஏறுவார்கள். இறங்கும்போது பாருங்கள், ஒருவராவது நியூட்ரலுக்குத் தட்டிவிட்டிருப்பார். இன்னும் சிலர் இன்ஜினையே ஆஃப் செய்துவிடுவார்கள். கேட்டால் ‘பெட்ரோல் மிச்சம்ணே’ என்பார்கள். இருபது வருஷம் ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம், ஏனென்றால் அவர்கள் கற்றுக்கொண்டது வண்டியில் கம்ப்யூட்டர் இல்லாத கார்பரேட்டர் காலத்தில்.

முதலில் அந்த மிச்சக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு விற்கும் வண்டிகள் அநேகமாக எல்லாமே கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் கொடுக்கும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்; அந்த நேரத்தில் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தானாக ஓடியாக வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவு செய்கிறார்கள். இன்ஜினை ஆஃப் செய்தால் மிச்சம்தான், மறுக்கவில்லை. அது எத்தனை ரூபாய் என்று கேட்டால் ஒரு டீக்காசு தேறுமா என்பது சந்தேகம்.

இப்போது பிரேக். மேலே ஏற இன்ஜின் போட்ட உழைப்பு, கீழே வரும்போது சூடாக வெளியே போயாக வேண்டும். அதற்கு வழி இரண்டுதான்: இன்ஜினின் பிடிப்பு, இல்லையென்றால் பிரேக். நியூட்ரலில் போட்டவுடன் முதல் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். டிஸ்க் பிரேக்கில் இருக்கும் ஆயில் தண்ணீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதே ஆயில் ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினால் போதும் என்றுதான் விதியே சொல்கிறது. வண்டி வாங்கியதிலிருந்து ஆயிலே மாற்றாதவர் எந்தக் கணக்கில் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வந்துவிடும். ஆயிலை அழுத்தினால் அது டிஸ்க்கைக் கவ்வும் பேடைத் தள்ளும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். லெவர் கைப்பிடி வரை வரும், வண்டி நிற்காது.

ஒருமுறை அப்படித்தான் ஆனது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர், வயதில் என்னைவிட மூத்தவர், பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை. பாதி இறங்குவதற்குள்ளேயே கருகிய வாடை எனக்கு வந்துவிட்டது. ஹார்ன் அடித்தேன். சும்மா அடிக்கிறேன் என்று நினைத்து அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த வளைவுக்கு முன்னால் வண்டி இடதுபக்கம் ஒதுங்கி, மலைப்பக்க வடிகாலில் இறங்கிச் சாய்ந்தது. நல்ல வேளை, அது மலைப்பக்கம். அக்காவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். முன் லெவரை ஒரு விரலால் இழுத்தேன், பஞ்சு மாதிரி கைப்பிடியில் போய் ஒட்டியது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு தம்பி நல்ல எண்ணத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடலாம் என்று சொல்லி நிறுத்தினோம்.

முக்கால் மணி நேரம் அங்கேயே. ஆறியதும் லெவர் ஓரளவு திரும்பி வந்தது. முதல் கியரிலேயே நான் அவர் வண்டியைக் காரவள்ளி வரை இறக்கினேன், அக்கா வேறொரு வண்டியில் வந்தார். பிறகு டிஸ்க், பேட், ஆயில் என்று மாற்றிய பில் ஐந்தாயிரத்தைத் தாண்டியது. எனக்கு எரிச்சல் பில்லில் இல்லை. அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டே அவர், ‘இத்தனை வருஷம் இப்படித்தான் இறங்கினேன், ஒண்ணும் ஆகலையே’ என்றார் பாருங்கள், அதில்தான்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் அது கட்டாயம், நல்லதுதான். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. கொதித்த ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்க அதனால் முடியாது.

செய்ய வேண்டியது பழைய லாரி டிரைவர்கள் சொல்வதுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. வளைவுக்குள் போன பிறகு கியரை மாற்றாமல், வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் நியூட்ரலும் ஒன்றுதான். ஸ்கூட்டரில் வருகிறவர்களுக்குக் கியரைக் குறைக்க வழியில்லை, அதனால் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்று ஆறவிட்டு வாருங்கள். அவசரப்படுத்த மாட்டோம். மீறி லெவர் இளகினால், விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், பின் பிரேக்கோடு கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், மலைப்பக்கமாகவே இருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்ல ஹெல்மெட்டுக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் ஆகும்.

முன்னால் போகிறவர் முந்தினால் நாமும் முந்துவது

லீட், அதாவது முதல் வண்டிக்காரர், ஒரு லாரியைத் தாண்டுகிறார் என்றால் அவருக்கு எதிரே ரோடு காலியாக இருந்தது என்றுதான் அர்த்தம். மூன்று நொடி கழித்து அதே இடத்துக்கு வரும் உங்களுக்கு அது காலியாக இருக்குமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழுவில் பாதிப் பேர் முன்னால் போகிறவரின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அவர் பிரேக் பிடித்தால் பிடிப்பது, சாய்ந்தால் சாய்வது. அவர் ரோட்டை விட்டுப் போனால்? பார்வை ரோட்டில் இருக்கட்டும். பிந்திவிட்டால் பரவாயில்லை, பிரிகிற இடத்தில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அதற்குத்தான் குழு.

வளைவிலும் ஜிக்ஜாக் வரிசை

ஒருவர் இடது, அடுத்தவர் வலது என்று மாறி மாறிப் போவது நேர் ரோட்டுக்கு மட்டும். வளைவு வந்தால் ஒற்றை வரிசை, இரண்டு நொடி இடைவெளி.

இறங்கும்போது ஏறுகிற பஸ்ஸோடு போட்டி போடுவது

குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டமே அதுதான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். ஹார்ன் கேட்டவுடன் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்று, டிரைவர் கையைக் காட்டிய பிறகு இறங்குங்கள்.