சொந்த முடியில் செயற்கை டிரெட்லாக் பின்னுவது எப்படி? சென்னையில் முதல்முறை செய்பவர்களுக்கு

சவுரி வைத்துப் பின்னத் தெரிந்தவருக்கு டிரெட்லாக், அதாவது சடைமுடி மாதிரியான செயற்கை முடி, பின்னுவது பாதி தெரிந்த வேலை. கல்யாணவீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா பின்னலுக்குள் சவுரியை எப்படி நுழைத்துக் கொண்டுபோவாரோ, அதே கணக்குதான். சொந்த முடி ஒரு கால், வைத்த முடி இரண்டு கால். அங்கே பின்னல் ஒன்று, இங்கே ஐம்பது. சவுரியைச் சாயங்காலமே கழற்றிவிடலாம். இது ஆறு வாரம் தலையிலேயே இருக்கும், அதனால் தலைத்தோலை நினைத்துக்கொண்டே பின்ன வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை பின்னியபோது இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும் என்று நம்பி, ஒவ்வொரு பின்னலையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பின்பக்கத்துக்கு உதவ வந்திருந்த எதிர்வீட்டு அக்கா, “ஏம்மா, இந்த இழு இழுக்கிறியே, வலிக்கல?” என்று கேட்டார். “முதல்ல அப்படித்தான்க்கா இருக்கும்” என்றேன். அன்று ராத்திரி தலையணையில் தலை வைக்க முடியவில்லை. காலையில் தடவிப் பார்த்தால் பிடரி ஓரமெல்லாம் கடுகு கடுகாகக் கொப்புளம். கீழ் வரிசை முழுவதையும் அழுதுகொண்டே பிரித்தேன்.

டிரெட்லாக் என்பது நாம் சடைமுடி என்று சொல்வதுதான். 1930களில் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்டஃபாரி நெறியினருக்கு அது விரதம்போல. நம் சாமியார்களுக்கும் அப்படித்தான். நாம் பின்னப்போவது அழகுக்காக வைத்துக் கழற்றுகிற செயற்கை முடி. அந்த வேறுபாட்டை மனதில் வைத்து, சடை வளர்த்தவர்களைப் பார்க்கும்போது மரியாதையோடு இருங்கள்.

என்ன வாங்க வேண்டும்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். சிங்கிள் எண்ட் ஒரு முனையில் காதுபோல வளையம் உள்ளது. டபுள் எண்ட் இரண்டு பக்கமும் நீண்டு, நடுவில் மடித்துப் பின்னுவது. முதல்முறை செய்பவர்கள் டபுள் எண்டே வாங்குங்கள். அது நடுவில் மடிந்து முடிக்குள் உட்கார்ந்துகொள்வதால் வழுக்கி விழாது. ஒன்று பின்னினால் இரண்டு தொங்குவதால் எண்ணிக்கையும் பாதி போதும். முழுத் தலைக்கு 50 முதல் 60 டபுள் எண்ட் தேவைப்படும்.

நல்ல டிரெட் பெரும்பாலும் கானெகலான் என்ற ஜப்பான் இழையில் செய்ததாக இருக்கும். இது எளிதில் தீப்பற்றிக்கொள்ளாது, ஆனால் சூடு பட்டால் சுருங்கி உருகும். மலிவு இழைகளுக்கு அந்தக் காப்பும் கிடையாது. எதை வாங்கினாலும் எடை பாருங்கள். சமையலறைத் தராசில் மொத்தக் கட்டையும் வைத்தால் அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. நனைந்தால் எடை இன்னும் ஏறும், அதைச் சுமக்கப்போவது முடிவேர்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: வால் சீப்பு, பெரிய கிளிப் நாலைந்து, இரண்டு கண்ணாடி, கத்தரிக்கோல், முடியின் நிறத்தில் உல்லன் நூல். சின்ன ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்வார்கள். கழற்றும்போது அது முடியை அறுக்கும், நூலே நல்லது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி: நீங்கள் வண்டி ஓட்டுகிறவரா? ஐம்பது டிரெட்டுக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. உட்கார்ந்தாலும் தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடம் விழுந்து, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றாது. தினமும் டூவீலரில் போகிறவர்கள் பாதித் தலைக்கு மட்டும் பின்னுங்கள். காதுக்குக் கீழே 20, 25 டிரெட், மேலே சொந்த முடி. பிடரியில் தாழ்வாகக் கட்டிவிட்டால் ஹெல்மெட் சரியாகப் பொருந்தும். வண்டியே ஓட்டாதவர்களுக்கும் முதல்முறைக்கு இதுதான் என் பரிந்துரை. வேலை பாதி, எடை பாதி, ஒத்துவராவிட்டால் பிரிப்பதும் சுலபம்.

எப்போது பின்னுவது

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழைக்காலத்தில் டிரெட் நனைந்தால் காயவே காயாது. ஈரம் உள்ளே நின்று, துவைத்து உலராத துணியின் வாடை தலையிலிருந்து வரும். அக்னி நட்சத்திர வெயிலில் பின்னினால் வேர்வை அரிக்கும். தை, மாசிதான் தோது.

பொடுகு, பேன், தலையில் புண், சொரியாசிஸ் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பின்னிய பிறகு மருந்து போட வழியில்லை. பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டிக்கொண்டிருப்பவர்களும் நெற்றி ஓரம் முடி குறைந்தவர்களும் தள்ளிப்போடுங்கள்.

நாலைந்து நாளுக்கு முன்பு

செயற்கை முடியின் இழைமேல் ஒரு பூச்சு இருக்கும். பலருக்குப் பின்னிய மறுநாளே தலை அரிப்பதற்கு அதுதான் காரணம். ஐந்து லிட்டர் தண்ணீரில் அரை லிட்டர் வினிகர் கலந்து, டிரெட்டை ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். தண்ணீர்மேல் வெள்ளையாக ஒன்று படர்ந்தால் அதுதான் அந்தப் பூச்சு. இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் நிழலில் போடுங்கள். கையால் நடுவில் அழுத்திப் பார்க்கும்போது துளிகூட ஈரம் தெரியக் கூடாது. நம் ஊர்க் காற்றுக்கு இதற்கு ஒன்றரை நாள்கூட ஆகலாம்.

ஒரே ஒரு டிரெட்டைக் காதுக்குப் பின்னால் பின்னி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த இழை உங்களுக்கு ஆகாது.

முந்தின நாள் தலைக்குக் குளியுங்கள். எண்ணெய் போகும்வரை ஷாம்பு மட்டும் இரண்டு தடவை, கண்டிஷனர் வேண்டாம். தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பழகியவர்கள் நாலைந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் பின்னல் வழுக்கும். சீயக்காய், அரப்பு இந்த முறை வேண்டாம், அந்தத் தூள் பின்னலுக்குள் போனால் வெளியே வராது.

வகிடு எடுப்பது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. முடி குறைந்தது பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். வால் சீப்பின் நுனியால் ஒரு காதிலிருந்து மறு காதுவரை பிடரிப் பக்கமாகக் குறுக்கு வகிடு எடுங்கள். அதற்கு மேலிருக்கும் முடியைக் கிளிப் போட்டுத் தூக்கிவிடுங்கள். பிடரியின் கீழ்க்கோடியிலும் நெற்றி, காதோரங்களிலும் ஒரு விரல் அகலத்துக்கு முடியை அப்படியே விட்டுவிடுங்கள். அந்தப் பூனைமுடிக்கு எடை தாங்கும் பலம் கிடையாது. டிரெட் பின்னுவதில் முதலில் வழுக்கை விழுவது அங்கேதான்.

வகிட்டுக்குக் கீழே மிச்சமிருக்கும் முடியை மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரியுங்கள். சிறிய சதுரம் எடுத்தால் நிறைய டிரெட் வைக்கலாம் என்று ஆசை வரும். ஆனால் கொஞ்சம் முடி மேல் நிறைய எடை தொங்கினால் முடி வேரோடு வந்துவிடும். சதுரத்தின் முடி, அதில் தொங்கப்போகும் டிரெட்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

அடுத்த வரிசையில் சதுரங்களைக் கீழ் வரிசைக்கு நேராக வைக்காதீர்கள். கொத்தனார் செங்கல் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்க் கல்லின் நடுவில்தான் மேல் வரிசையின் இணைப்பு வரும். அதேபோல் அடுக்கினால் மண்டைத்தோல் கோடு கோடாகத் தெரியாது.

பின்னுவது

ஒரு சதுரத்தின் முடியை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரியுங்கள். டிரெட்டைச் சரிபாதியாக மடித்து, மடிப்பைக் கண்டுபிடித்து, அந்த நடுப்பகுதியைக் குறுக்காக இரண்டு பாதிக்கும் இடையில் வையுங்கள். வேரோடு ஒட்ட வைக்காமல் ஓர் அரிசி அளவு இடம் விடுங்கள். இப்போது மேல்பாதி முடியை டிரெட்டின் மேலாகக் கீழே கொண்டுவந்து கீழ்பாதியோடு சேருங்கள். ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்த மாதிரி டிரெட் உங்கள் முடிக்குள் உட்கார்ந்துவிடும்.

இப்போது கையில் மூன்று கால் இருக்கிறது: இடது டிரெட், வலது டிரெட், நடுவில் சொந்த முடி. வழக்கமான மூணு கால் பின்னல்தான். முதல் இரண்டு பின்னல்கள் ஒரே சீராக இருக்கட்டும், டிரெட் நகராமல் நிறுத்துவது அவைதான். பின்னும்போது முடியை அது விழப்போகிற திசையிலேயே பிடியுங்கள். பிடரியில் கீழ்நோக்கி, உச்சியில் பின்நோக்கி. மேலே தூக்கிப் பிடித்துப் பின்னிவிட்டுக் கீழே விட்டால், வேர் முறுக்கிக்கொண்டு நாள்முழுக்க வலிக்கும்.

ஒரு பின்னல் முடிந்ததும் அதை மேலே, இடது, வலது என்று மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தோல் கூடாரம்போல் எழும்பினால் இறுக்கம் அதிகம். உடனே பிரித்துத் திரும்பப் பின்னுங்கள். பிறகு சரியாகிவிடும் என்று விடாதீர்கள், ஆகாது. பாதித் தலை முடிந்ததும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றி இழுத்தால் முன்வரிசையைத் தளர்த்த வேண்டும்.

சொந்த முடி முடிய ஓர் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, உல்லன் நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். நம்மில் பலருக்கு முடி இடுப்புவரை இருக்கும். அவர்கள் தோள்வரை பின்னிவிட்டு, மிச்சத்தை ஒரு டிரெட்மேல் கயிறுபோலச் சுற்றிக்கொண்டே போய் நுனியில் நூல் கட்டலாம்.

தனியாகச் செய்தால் முதல்முறை ஆறேழு மணி நேரம் ஆகும். மூன்றாவது வரிசைக்கு மேல் கண்ணாடி தேவைப்படாது, விரல்நுனியே வகிட்டைக் கண்டுபிடித்துவிடும். பின்மண்டைக்கு மட்டும் யாரையாவது வகிடு எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவது முறை நான் பின்னியபோது அதே எதிர்வீட்டு அக்காதான் வந்தார். பூ கட்டிப் பழகிய கை. ஒரு பின்னல்கூட இழுக்காமல், அதேசமயம் நெகிழாமல் அவர் பின்னிய வரிசை ஏழு வாரம் அசையவில்லை. நான் பின்னிய முன்பக்கத்தை நடுவில் இரண்டு தடவை சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆறு வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது

முதல் இரண்டு நாள் லேசான பாரம் தெரிவது வழக்கம். வலி, கொப்புளம், வேரில் வெள்ளையாகச் சீழ் இவை வழக்கமல்ல. அந்த டிரெட்டை உடனே எடுத்துவிடுங்கள். குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வாரம் ஒருமுறை தலையை அலசினால் போதும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரோடு ஷாம்பு கொஞ்சம் கலந்து, வகிடு வகிடாக அடித்து, விரல்நுனியால் தேய்த்து அலசுங்கள். காலையிலேயே செய்யுங்கள், சாயங்காலத்துக்குள் ஃபேனடியில் காய்ந்துவிட வேண்டும். டிரையர் என்றால் குளிர்ந்த காற்று மட்டும். ஈரத்தோடு படுக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இந்த ஆறு வாரமும் விடுமுறை. தலை வறண்டால் விரல்நுனியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு, வகிட்டில் மட்டும் வையுங்கள்.

அடுப்பருகே போகும்போது டிரெட்டைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். குனிந்து விளக்கேற்றும்போதும், பட்டாசு கொளுத்தும்போதும் அப்படியே. பெசன்ட் நகர் கடலில் காலை நனையுங்கள், தலையை நனைக்காதீர்கள். உள்ளே போன மணல் கழற்றும் நாள்வரை உதிர்ந்துகொண்டே இருக்கும். தூங்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துத் தளர்வாக ஒரு பின்னல் போட்டு, தலையணைமேல் பழைய ஷிஃபான் புடவைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் இழை உராய்ந்து பிசிறு எழும்பும்.

கழற்றுவது

எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் முடி வளரும். இரண்டு மாதத்தில் பின்னல் வேரிலிருந்து இறங்கி ஆடத் தொடங்கும், ஆடும் இடத்தில் சிக்கு விழும், சிக்கு பிறகு நிஜமான சடையாகிவிடும்.

நூலை மட்டும் வெட்டிப் பின்னலைப் பிரியுங்கள். கை நிறைய உதிர்ந்த முடி வரும், பார்த்து அதிர்ந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அது கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே இரண்டு மாதம் தங்கியிருக்கிறது. வேரில் அழுக்குத் திரண்ட இடங்களில் இப்போது தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவி, அரைமணி ஊறவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிப் பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்கள். சிக்கு முழுதாகப் போன பிறகே தண்ணீர் படலாம், இல்லாவிட்டால் சிக்கு இறுகிவிடும்.

அடுத்த செட் பின்ன ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். கழற்றிய டிரெட்டைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, ஷாம்புத் தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்து எடுத்து வையுங்கள். பத்திரமாக வைத்தால் இன்னும் இரண்டு மூன்று முறை பின்னலாம்.