குவானா பார்க்கரைப் பற்றி எழுதப்போகிறீர்களா? சறுக்கும் இடங்கள்

குவானா, அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த கமாஞ்சிப் பழங்குடியின் தலைவர்களில் ஒருவர். பலர் முதல் வரியிலேயே அவருக்கு முடி சூட்டிவிடுகிறார்கள்: 'கமாஞ்சிகளின் கடைசி அரசர்'. கமாஞ்சிகளுக்கு அரசரே கிடையாது. தனித்தனிக் குழுக்கள், குழுவுக்கொரு தலைவர். அவர் போக்கு பிடிக்கவில்லையா, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு குழுவோடு சேர்ந்துவிடலாம். குவானா இருந்தது குவஹாடி குழுவில். எல்லாருக்கும் ஒரே தலைவர் என்பது 1875இல் அவர்கள் சரணடைந்த பிறகு அமெரிக்க அதிகாரிகள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. 'கடைசித் தலைவர்' என்று எழுதினால் சண்டைக்கு வரமாட்டேன். அவர் கல்லறையிலேயே அப்படித்தான் பொறித்திருக்கிறது.

அடுத்தது அம்மா கதை. குவானாவின் அம்மா சிந்தியா ஆன் பார்க்கர் வெள்ளைக்காரப் பெண். அவரை 1836இல், ஒன்பது வயதுச் சிறுமியாக, டெக்சாசின் பார்க்கர் கோட்டையிலிருந்து கமாஞ்சிகள் தூக்கிச் சென்றார்கள். அது கடத்தல்தான். ஆனால் 1860இல் டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற ஆயுதப் படையினர் பீஸ் ஆற்றருகே அவரைப் பிடித்ததை மட்டும் 'மீட்பு' என்று எழுதிவிடுகிறோம். யாரிடமிருந்து மீட்பு? அதற்குள் 24 வருஷம் ஓடியிருந்தது. கணவர் பீட்டா நொக்கோனா என்ற கமாஞ்சி, குவானாவோடு சேர்த்து இரண்டு பையன்கள், கையில் பெண் குழந்தை. வெள்ளைக்காரச் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து அவர் திரும்பத் திரும்ப ஓடப் பார்த்தார். பையன்களை மறுபடி பார்க்காமலேயே கண்ணை மூடினார். குவானா 1910இல் தாயின் எலும்புகளை ஒக்லஹோமாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1911 பிப்ரவரியில் அவரும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

போரில் தோற்றுச் சரணடைந்தார் என்பது பாதிக் கதை. 1874 ஜூனில் அடோபி வால்ஸ் என்ற எருமை வேட்டைக்காரர் முகாம்மீது குவானாவும் மற்றவர்களும் நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை, உண்மை. ஆனால் பணிய வைத்தது வயிறு. காட்டெருமைகளை வேட்டைக்காரர்கள் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். செப்டம்பரில் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவ கர்னல் மெக்கன்சியின் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பிடித்துச் சுட்டுக் கொன்றது. குதிரையும் எருமையும் இல்லாத சமவெளியில் கமாஞ்சிக்கு என்ன மிச்சம்?

சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய் 'வெள்ளையருக்கு விலைபோனவர்' என்கிறார்கள். கோட்டு போட்டார், மேய்ச்சல் நிலத்தை மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டதில் அவருக்கும் பணம் வந்தது, கூரையில் நட்சத்திரம் வரைந்த பெரிய வீடு கட்டினார். எல்லாம் சரி. ஆனால் சடையை வெட்டவில்லை. பல மனைவியர் வைத்திருந்ததால் பழங்குடி நீதிமன்றத்தில் பார்த்த நீதிபதி வேலை போனது, மனைவியரை விடவில்லை. 1892இல் கமாஞ்சிகளின் நிலத்தை எழுதி வாங்க அமெரிக்க அரசின் ஜெரோம் குழு வந்தபோது, ஏக்கருக்கு எவ்வளவு, பணம் எப்போது கைக்கு வரும் என்றுதான் கேட்டார். கடைசியில் தலைக்கு 160 ஏக்கர் கொடுத்துவிட்டு, மிச்ச நிலத்தின் பெரும்பகுதியை 1901இல் வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.