சொந்தக்காரருக்குக் கொடுத்த கைமாத்து திரும்பி வரவில்லையா? சண்டைக்கு முன் செய்ய வேண்டியவை

வெளியாளுக்குக் கடன் கொடுத்தால் புரோநோட்டு (கடனுறுதிச் சீட்டு) இருக்கும், சாட்சி இருக்கும். சொந்தத்துக்குள் கொடுத்தால் “மாமாதானே, எங்கே போயிடப் போறார்” என்பது மட்டும்தான் இருக்கும். அந்த மாமாவே “அடுத்த மாசம் மாப்ள” என்று இழுக்க ஆரம்பித்த பிறகு, ஏமாற்றுகிறாரோ என்ற எண்ணம் தலைக்குள் உட்கார்ந்துவிடும். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

எனக்கும் தாய்மாமாவுக்கும் இருந்த கணக்கு இப்போது முழுசாகத் தீர்ந்துவிட்டது. எந்த வரிசையில் செய்தால் வேலைக்கு ஆகிறது என்பதை எழுதி வைக்கிறேன். கொடுத்திருக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. இதில் வரும் சட்டமெல்லாம் இந்தியாவுக்கானது. நான் வக்கீல் இல்லை. தொகை பெரிது என்றால் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படி 1: கொடுத்த தேதியைத் தேடி எடுங்கள்

எவ்வளவு கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும், என்றைக்குக் கொடுத்தோம் என்பது இருக்காது. ஆனால் தேதிதான் முதலில் வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, திருப்பித் தர நாள் குறிக்காமல் கொடுத்த கைமாத்துக்கு வழக்குப் போடும் காலம் 3 ஆண்டுகள். அது கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. “நான் கேட்ட நாளிலிருந்துதானே” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று தடவையாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு.

பணம் அனுப்பும் செயலியில் பழைய பட்டியலைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வங்கியின் இணையதளத்தில் போய் அந்தக் காலத்து ஸ்டேட்மென்டை பிடிஎஃப்பாக இறக்குங்கள். தேதி, தொகை, பரிமாற்ற எண் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அதே நாளில் நீங்கள் ஏடிஎம்மில் எடுத்த பதிவு இருக்கிறதா பாருங்கள். முழு ஆதாரம் ஆகாவிட்டாலும் தேதியையாவது சொல்லும்.

படி 2: மூன்று பத்தியில் கணக்கு

கொடுத்தது, வந்தது என்று இரண்டு பத்தி போடுவதுதான் வழக்கம். மூன்றாவதாக ஒன்று போடுங்கள்: “கொடுத்துவிட்டதாக அவர் சொல்வது”. சந்தேகம் பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் முளைக்கிறது. அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு அது தெரியாது.

மாமாவிடம் “நீங்க என்னென்ன கொடுத்தீங்கன்னு சொல்லுங்க மாமா, எழுதிக்கிறேன்” என்று கேட்டபோது வந்த பட்டியலில் மூன்று இருந்தன. அப்பாவின் கையில் ரொக்கமாகக் கொடுத்தது. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன கார் வாடகை. தங்கை கல்யாணத்துக்கு அவர் வைத்த மொய்! அப்பாவைக் கேட்டால், “ஆமாம்டா, கொடுத்தார், உன்கிட்ட சொல்லலையா?” என்றார். ஆக அது உண்மை, கழித்தாக வேண்டும். மொய் மொய்தான். அது மொய் நோட்டில் ஏறிவிட்டது, அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது, கடனில் சேராது. கார் வாடகையை விட்டுக்கொடுத்தேன். சட்டம் கேட்டதற்காக இல்லை, மொய்யை அவர் விட்டுக்கொடுக்க வேண்டுமே என்பதற்காக.

எக்செல் ஷீட் போட்டு அனுப்பாதீர்கள் என்பது என் கட்சி. போனில் கட்டம் கட்டமாக வந்தால் பெரியவர்களுக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரி தெரிகிறது. ஒரு சாதாரண நோட்டில், அவர் எதிரிலேயே, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கடன் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். தரும்போது “இது இன்ன கடனுக்கு” என்று அவர் சொல்லியிருந்தால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, சூழ்நிலையிலிருந்தும் தெரியவில்லை என்றால் எதில் வைப்பது என்பது உங்கள் விருப்பம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 59, 60 இதைத்தான் சொல்கின்றன.

படி 3: சாக்குகளைச் சோதியுங்கள்

ஏமாற்றுகிறாரா, முடியாமல் இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லும் காரணத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

“இன்னிக்கு பேங்க் லீவு, நெஃப்ட் போகாது.” நெஃப்ட் என்பது வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை; 2019 டிசம்பரிலிருந்து அது வருடம் முழுக்க 24 மணி நேரமும் நடக்கிறது. பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து. லீவு என்பது காசோலைக்குத்தான் பொருந்தும்.

“அனுப்பிட்டேன், நடுவுல மாட்டிக்கிச்சு.” இது உண்மையாகவே நடப்பதுதான். யூபிஐயில் அவர் கணக்கில் கழிந்து உங்கள் கணக்கில் ஏறாவிட்டால், அடுத்த நாளுக்குள் அவருக்கே திரும்பியிருக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. ஒரு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் கேளுங்கள். பச்சை டிக் போட்ட படத்தை வாங்கிக்கொண்டு திருப்தி ஆகாதீர்கள், அதைப் போலியாகச் செய்ய ஆப் இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் ஏறினால்தான் வந்தது.

அவர் வீட்டில் புது வண்டி நிற்கிறது, அத்தை ஸ்டேட்டஸில் ஊட்டி போட்டோ வருகிறது என்பதெல்லாம் ஆதாரம் இல்லை. வண்டி தவணையில் வந்திருக்கும். ராத்திரி ஸ்டேட்டஸ் பார்த்துத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

படி 4: பாக்கியை எழுதி வாங்குங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். எனக்கு அதிக நாள் பிடித்ததும் இதற்குத்தான்.

இடையில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று வந்துகொண்டிருந்தால் கெடு தானாகவே நீண்டுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 19-ஐப் படித்தால் வேறு சங்கதி இருக்கிறது. பகுதிப் பணம் கட்டினால் புதிதாக 3 ஆண்டு தொடங்கும் என்பது சரி. ஆனால் அந்தப் பணம் கட்டியதற்கான குறிப்பு, கட்டியவரின் கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்ட எழுத்திலோ இருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கி நீங்களே டைரியில் எழுதிக்கொண்டால் போதாது. பிரிவு 18 இன்னும் எளிது: கெடு முடிவதற்குள் “இன்ன தொகை பாக்கி” என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு. “பாக்கி இருக்கு, ஆனா இப்போ தர முடியாது” என்று எழுதினாலும் செல்லும். மறுப்போடு சேர்ந்து வந்த ஒப்புதலும் ஒப்புதல்தான்.

நான் எழுதிக் கொண்டுபோனது கிட்டத்தட்ட இப்படி:

“நான் தங்களிடம் 12-3-2021 அன்று வங்கி மூலம் ரூ.2,00,000 கைமாத்தாகப் பெற்றேன். இன்றைய தேதிவரை ரூ.60,000 திருப்பிச் செலுத்தியுள்ளேன். மீதி ரூ.1,40,000 பாக்கி உள்ளது.”

தேதியும் தொகையும் இங்கே மாதிரிக்காகப் போட்டவை. கீழே அவர் பெயர், கையெழுத்து, தேதி. தேதியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். “கெடு முடிஞ்ச பிறகு போட்ட கையெழுத்து” என்ற பேச்சு பின்னால் வராமல் இருக்க அதுதான் காவல். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது. போஸ்ட் ஆபீஸில் கிடைக்கும்.

“எப்போது கேட்டாலும் தருகிறேன்” என்கிற மாதிரி வாக்குறுதியும் சேர்ந்தால் அது புரோநோட்டு ஆகிவிடக்கூடும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சாட்சியமாகவே எடுக்காது. மற்றப் பத்திரங்களுக்கு இருப்பதுபோல அபராதம் கட்டிச் சரிசெய்யும் வழி இதற்கு இல்லை. அதனால் “பிறகு ஒட்டிக்கலாம்” வேண்டாம். ஏற்கெனவே புரோநோட்டு இருந்தால், அவர் தரும் ஒவ்வொரு தொகைக்கும் அதன் பின்பக்கத்தில் வரவு எழுதி அவரிடமே ஒப்பம் வாங்குங்கள்.

சரி, கையெழுத்துப் போடச் சொன்னால் கோபப்பட மாட்டாரா? படுவார். மாமா பேப்பரைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே பிடித்துப் படித்தார். “என்ன மாப்ள, என்னை நம்பலையா?” என்றார். “நம்பறேன் மாமா. அப்பாகிட்ட நீங்க கொடுத்ததை நான் கழிச்சிருக்கேன் பாருங்க. நாளைக்கு அப்பா மறந்துட்டா உங்களுக்குத்தானே நஷ்டம்?” என்றேன். அந்த வரியைத் திரும்பப் படித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டார். அவருக்குச் சாதகமான ஒரு தொகை அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். படி 2-ஐத் தாண்டிவிட்டு நேரே இங்கே வந்தால் நடக்காது.

கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டதா? அப்போது “பாக்கி உள்ளது” என்று எழுதி வாங்கிப் பயனில்லை. “அந்தத் தொகையைத் தருகிறேன்” என்று புதிதாக வாக்குக் கொடுத்து அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25-இன் மூன்றாம் உட்பிரிவு அதை ஏற்கிறது.

படி 5: தவணை

சின்னத் தொகையாக இருந்தாலும் மாதம் ஒரே தேதி, வங்கி வழியாக, குறிப்பில் “கடன் பாக்கி” என்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் திருப்பிக் கட்டுவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. “பேங்க்லயே போடுங்க மாமா” என்று சொல்ல அது நல்ல காரணமும்கூட.

காசோலை தந்தால் அதன் ஆயுள் 3 மாதம். பணமில்லாமல் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138. சொந்தத்தில் இந்த அளவுக்குப் போனால் அப்புறம் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருக்காது, தெரிந்தே இறங்குங்கள்.

படி 6: கையெழுத்தே போட மாட்டேன் என்றால்

இரண்டு பேரும் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். எல்லாச் சொந்தத்தையும் கூட்டினால் கடனை விட்டுவிட்டு பழைய சொத்துத் தகராறைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், கிடைத்ததற்கான அத்தாட்சியோடு தபாலில்.

மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஏனோ யாரும் நினைப்பதில்லை. வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

போலீஸுக்கு ஓடுவது பெரும்பாலும் வீண். வாங்கிய பணத்தைத் தரவில்லை என்பது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318 அதைக் கேட்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-உம் அப்படித்தான் கேட்டது. இல்லாத நிலத்தைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் புகார் கொடுக்கலாம். தொழில் படுத்துத் தர முடியாமல் போனவர் மேல் கொடுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

“அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செல்லுமா?” கடன் வாங்கியவரோ, அவரால் அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்டவரோ போட வேண்டும். மனைவி, மகன் என்ற உறவு மட்டும் போதாது.

“வாட்ஸ்அப்பில் ‘தரேன்’னு அனுப்பியிருக்கார்.” பத்திரமாக வையுங்கள், அழிக்காதீர்கள், போனையும் மாற்றி விற்றுவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63 அதைப் பற்றியது. இருந்தாலும் பேனாக் கையெழுத்து வாங்க முடியும்போது வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

“வாங்கியவர் இறந்துவிட்டார்.” அவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் பிள்ளைகளைக் கேட்க முடியாது.

“எல்லாம் கட்டிட்டார், அந்த லெட்டரை என்ன பண்றது?” அதன் மேலேயே “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், கணக்கு தீர்ந்தது” என்று எழுதி, தேதி போட்டு, நீங்கள் கையெழுத்திட்டு, அசலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். போட்டோ ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.