பந்தயத் தடம் பற்றிய தகவல்களைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் பந்தயத் தடங்களைப் பற்றித் தமிழில் உலவும் பிழைகளில் முழுப் பொய்கள் குறைவு. எண் சரியாக இருக்கும். அது எந்த ஆண்டுக்கு, எந்தத் தட அமைப்புக்கு, எந்த வகை வண்டிக்கு, பந்தயத்துக்கா, புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றுக்கா உரியது என்ற விவரம் மட்டும் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோயிருக்கும். 2011இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்காகத் திறக்கப்பட்ட கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

அதிகம் குழப்பப்படுவது லேப் சாதனை, அதாவது தடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவர எடுத்த மிகக் குறைந்த நேரம். 2013இல் ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் தகுதிச் சுற்றில் 1 நிமிடம் 24.119 வினாடியில் ஒரு லேப்பை முடித்து முதலிடம் பெற்றார். ஆனால் அத்தடத்தின் ஃபார்முலா 1 லேப் சாதனை 1 நிமிடம் 27.249 வினாடி, அதை 2011 பந்தயத்தில் நிகழ்த்தியவரும் வெட்டல்தான். இவ்விரண்டையும் அருகருகே பார்ப்பவர் 2013இல் சாதனை மூன்று வினாடிகளுக்கு மேல் முறியடிக்கப்பட்டதாக எழுதிவிடுவார். மரபுப்படி பந்தயத்தின்போது ஓட்டப்பட்ட லேப்தான் சாதனைக் கணக்கில் சேரும், தகுதிச் சுற்று நேரம் சேராது. 2013 பந்தயத்தின் அதிவேக லேப் கிமி ரைக்கோனனின் 1 நிமிடம் 27.679 வினாடி, ஆகவே 2011இன் நேரம் அப்படியே நின்றது. இரண்டு நேரங்களுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று தெரிந்துகொண்டால் குழப்பமே வராது. 2010 முதல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை இருப்பதால், அக்காலக் கார்கள் ஏறக்குறைய 150 கிலோ எரிபொருளைச் சுமந்துகொண்டு புறப்பட்டன. தகுதிச் சுற்றிலோ புதிய டயரும் ஓரிரு லேப்புக்குப் போதுமான எரிபொருளும்தான். 2011இல் வெட்டலின் அதிவேக லேப், தொட்டி காலியாகும் தறுவாயில், அறுபதாவது லேப்பில் பதிவானதும் இதனால்தான்.

வேகம் பற்றிய கூற்றுகளைச் சோதிக்க ஒரு கணிப்பானே போதும். புத் தடத்தின் 5.125 கிலோமீட்டரை 87.249 வினாடியில், அதாவது அந்த 1 நிமிடம் 27.249 வினாடியில் கடந்தால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 211 கி.மீ. நீண்ட நேர்ப்பாதையில் கார் 300ஐத் தாண்டும் என்பது உண்மையே, ஆனால் அந்த எண்ணைச் சராசரி என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையின் மற்ற எண்களையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

தடத்தின் நீளம் மாறாத ஒன்று என்று நினைப்பது அடுத்த தவறு. புத் தடத்தின் நீளமாக 5.14, 5.125, 4.96 கி.மீ. ஆகிய மூன்று எண்களும் அச்சில் வந்திருக்கின்றன. முதலாவது, தடம் கட்டி முடிவதற்கு முன்பே செய்திகளில் வந்தது; இரண்டாவது, ஃபார்முலா 1 பந்தயங்கள் ஓட்டப்பட்ட அளவு; மூன்றாவது, 2023 செப்டம்பரில் நடந்த மோட்டோஜிபி பைக் பந்தயத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பாதையின் அளவு. ஆகவே பைக்கின் லேப் நேரத்தைக் காரின் லேப் நேரத்தோடு ஒப்பிட்டு இத்தனை வினாடி வித்தியாசம் என்று சொன்னால், ஒரே தூரத்தை ஓடாத இரண்டை ஒப்பிட்டதாகிவிடும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தில் இதே சிக்கல் கார் நிறுவன விளம்பரங்களிலேயே உண்டு: பல ஆண்டுகள் 20.6 கி.மீ. அளவில் எடுத்த நேரங்களை அறிவித்து வந்தார்கள். முழு லேப்போ 20.832 கி.மீ. விடுபட்ட அந்தச் சிறு துண்டுக்கே சில வினாடிகள் பிடிக்கும்.

பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிறு பொறி காத்திருக்கிறது. 5.125 கி.மீ. தடத்தை 60 முறை சுற்றினால் 307.5 கி.மீ. வரவேண்டும், அதிகாரபூர்வமான பந்தயத் தூரமோ 307.249 கி.மீ. இதை அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. புறப்படும் கோடும் முடிவுக் கோடும் ஒரே இடத்தில் இல்லாததால் வரும் 251 மீட்டர் வேறுபாடு அது.

‘முதல்’ என்ற சொல் வரும் இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களை உதிர்க்கக் கூடாது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. நீளத்தில் அமைக்கப்பட்ட தடத்தில், மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்ட பந்தயம் 2024 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி நடந்தபோது, அது இந்தியாவின் முதல் தெருப் பந்தயம் என்றே பலரும் பகிர்ந்தார்கள். ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளில் ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் பந்தயம் 2023 பிப்ரவரி 11 அன்றே நடந்துவிட்டது. ‘இரவு நேர’ என்ற அடைமொழியோடு சேர்த்தால்தான் சென்னைக்கு அந்த முதன்மை பொருந்தும். பெயர்க் குழப்பமும் இங்கே அதிகம்: ‘சென்னை ரேஸ் டிராக்’ என்றால் பழைய சோழவரம் விமான ஓடுதளமா, 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடமா, தீவுத்திடலா என்று தெளிவாக்கிக்கொள்ளாமல் எந்த எண்ணையும் எடுத்தாளக் கூடாது. கிண்டியின் குதிரைப் பந்தயப் படத்தோடு கார் பந்தயக் குறிப்பு வெளிவருவதெல்லாம் இந்த அலட்சியத்தின் உச்சம்.

காரணம் கூறும் வாக்கியங்களை எண்களைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும். புத் தடப் பந்தயத்தால் ஃபார்முலா 1 நிறுவனம் ஈட்டிய வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் இந்தியாவில் ஃபார்முலா 1 நின்றது என்பது அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். கடைசிப் பந்தயம் 2013 அக்டோபரில் நடந்தது. தீர்ப்பு வந்தது 2017 ஏப்ரலில். வரித் தகராறு அதற்கு முன்பே இருந்தது உண்மை, உத்தரப் பிரதேச அரசு பந்தயத்தை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கருதி வரி கேட்டதும் உண்மை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு, முன்பே நின்றுபோன பந்தயத்தை நிறுத்தியிருக்க முடியாது. தடம் தரமற்றது என்பதால் நின்றது என்ற கூற்றும் நிற்காது. முதல் மூன்று ஆண்டுகளும் அங்கே பந்தயம் முழுமையாக நடந்தது.

ஓட்டுநர்களைப் பற்றிய கூற்றில் ‘ஓட்டினார்’ என்ற வினை எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். 2011 இந்தியப் பந்தயத்தில் கோவையின் நரேன் கார்த்திகேயன் போட்டியிட்டு 17ஆவதாக வந்தார். சென்னையின் கருண் சந்தோக் அந்த வாரம் அதே தடத்தில் ஓட்டியது வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டும்.

படங்களுக்கு வண்டியே சாட்சி. ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ‘ஹாலோ’ என்ற பாதுகாப்புச் சட்டம் ஃபார்முலா 1இல் 2018 முதல்தான் கட்டாயமானது. இந்தியாவில் கடைசிப் பந்தயம் 2013இல் முடிந்துவிட்டதால், ஹாலோ பொருத்திய கார்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு படத்தை ‘புத் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம்’ என்று யாராவது பகிர்ந்தால், அது வேறு நாட்டுத் தடத்தில் எடுத்த படமாக இருக்கும், இல்லையெனில் வீடியோ கேமிலிருந்து எடுத்ததாக இருக்கும்.