தின்னரும் ஆசிடும் ஒரே கேனிலா? ஆபத்தான கழிவுகளை அகற்றும் முறை

எந்த வேலை இடத்திலும் மீந்த தின்னர், பழைய ஆசிட், எண்ணெய் துடைத்த துணி, உப்பிப்போன பேட்டரி எல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் யாராவது இடம் அடைக்கிறது என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஒரே கேனில் ஊற்றி மூடிவிடுவார்கள். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 1: என்ன பொருள் என்று பாருங்கள்

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு, விற்றவரிடம் கேட்டால் தருவார். அதில் 16 பிரிவுகள் இருக்கும். முதலில் மூன்றைப் படித்தால் போதும்: கையுறை, கண்ணாடி பற்றி 8, எதோடு சேரக் கூடாது என்பதற்கு 10, எப்படி அகற்றுவது என்பதற்கு 13. பெயரே இல்லாத கேன் கிடைத்தால் மோந்து பார்க்க வேண்டாம், "தெரியாத பொருள்" என்று எழுதித் தனியாக வையுங்கள்.

படி 2: கலக்காதீர்கள்

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ப்ளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன், இரண்டுமே நுரையீரலைப் பதம்பார்க்கும். நைட்ரிக் ஆசிட் கழிவில் அசிட்டோனோ ஆல்கஹாலோ கொஞ்சம் விழுந்தால்கூட உள்ளே வாயு சேர்ந்து, மூடிவைத்து நேரம் கழித்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போதோ இல்லாதபோதோ, பாட்டில் வெடிக்கலாம்.

படி 3: கேனும் லேபிளும்

ஆசிடை உலோக டின்னில் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். குடிநீர் பாட்டில் எதற்குமே கூடாது, தாகத்தில் எடுப்பவர் லேபிளைப் படிக்கமாட்டார். மேலே பத்தில் ஒரு பங்கு காலியாக விட்டு மூடுங்கள். பொருளின் பெயர், ஆபத்து, தேதி மூன்றையும் ஊற்றுவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், அப்புறம் எழுதலாம் என்றால் யாரும் எழுதுவதில்லை. ஒழுகினால் தாங்க அடியில் ட்ரே, ஆசிடுக்கும் காரத்துக்கும் வேறு வேறு ட்ரே.

படி 4: துணியும் பேட்டரியும்

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால், காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், நெருப்பே தேவையில்லை. மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியே வையுங்கள்.

படி 5: ஒப்படையுங்கள்

சிங்க்கில் ஊற்றுவது, மூடியைத் திறந்துவைத்து ஆவியாக விடுவது, இரண்டும் வேண்டாம். உரிமம் உள்ள கழிவு நிறுவனத்திடம் கொடுத்து, என்ன, எவ்வளவு என்று எழுதிய ரசீதை வாங்கி வையுங்கள்.

சரி, காலி ட்ரம்? திரவம் தீர்ந்தாலும் ஆவி உள்ளே நிற்கும். தின்னர் இருந்த ட்ரம்மை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ போனால் அது வெடிக்கலாம், அதனால் அதையும் கழிவோடேயே அனுப்பிவிடுங்கள்.