மலையில் பழைய தையல் மெஷினுக்குப் பல்பு மாற்றுவது: முதலில் ஹோல்டரைப் பாருங்கள்

தையல் மெஷின் லைட் எரியவில்லை என்றதும் பல்பு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். கீழே கோயம்புத்தூரில் லைட் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்பு போயிருக்கும். இங்கே மழைக்காலம் முழுக்க மிஸ்ட் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, சுவரெல்லாம் ஈரம் கோத்து நிற்கிறது, ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளை மட்டும் எப்படித் தப்பும்? அதில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அப்புறம் எத்தனை புதுப் பல்பு போட்டாலும் எரியாது. பழைய பல்பை மாற்றிவிட்டுப் புதுசும் எரியவில்லை, மெஷினே போச்சு என்று பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த மெஷின்கள் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தைத்திருக்கும்.

சரி, எது கெட்டிருக்கிறது என்பதைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பெடலை மிதித்தால் மோட்டார் ஓடுகிறது, லைட் மட்டும் இல்லை என்றால் கோளாறு பல்பில், ஹோல்டரில், அல்லது லைட்டின் குட்டி சுவிட்சில் இருக்கிறது. மோட்டாரும் ஓடவில்லை, லைட்டும் இல்லை என்றால் பிளக், வயர், மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் இணைப்புக் கட்டை இவற்றில் ஒன்று. பல்பைத் தொடவே வேண்டாம். லைட் எரிகிறது, மோட்டார் ஓடவில்லை என்றால் அது மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், பெடல் சமாசாரம், வேறு வேலை. சில மெஷின்களில் லைட் சுவிட்ச் ஹோல்டர் மூடியிலேயே சின்னக் குமிழாக இருக்கும், பல வருடம் யாரும் தொடாமல் உள்ளே ஒட்டிப்போயிருக்கும். அதை நாலைந்து தடவை தட்டிப் பாருங்கள். சில நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

இனி கழற்றும் வேலை. முதல் காரியம், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் உங்கள் கண்ணெதிரே வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யக் கூடாது. பழைய மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு பின் பிளக்தான் இருக்கும், அதை எந்தப் பக்கமாகவும் சொருக முடியும். ஒரு பக்கமாகச் சொருகினால் லைட் சுவிட்ச் ஃபேஸை வெட்டும், மறுபக்கமாகச் சொருகினால் நியூட்ரலைத்தான் வெட்டும். அப்போது லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஈரத் தரை, இரும்பு உடம்பு மெஷின், விரல் ஹோல்டருக்குள். இதில் விளையாட்டுக் காட்டாதீர்கள்.

அடுத்து ஊசியைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைக் கீழே இறக்குங்கள். லைட் பெரும்பாலும் ஊசித் தண்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை வழுக்கினால் ஊசியில்தான் போய் நிற்கும். கழற்றியது கழற்றியாயிற்று, மாட்டும்போது புது ஊசியாகவே மாட்டிக்கொள்ளுங்கள். 1949-லிருந்து நம் கேத்தியிலேயே ஊசி செய்கிறார்கள், போனி ஊசி அங்கிருந்துதான் வருகிறது, மலையில் இருந்துகொண்டு மழுங்கிய ஊசியில் தைக்க ஒரு காரணமும் இல்லை.

லைட் எரிந்துகொண்டிருந்தபோது அணைந்திருந்தால் கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். 15 வாட் தானே என்று நினைக்க வேண்டாம், சின்ன இரும்பு மூடிக்குள் அடைந்து எரிவதால் மூடியே விரலைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். மூடி சில மெஷினில் மேலே திரும்பும், சிலதில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும், சிலதில் பல்பு அடிப்பக்கமாகவே வெளியே தெரியும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. பலம் போட்டு நெம்பாதீர்கள். பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பொறுங்கள். எண்ணெய் ஹோல்டருக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்பு பெரும்பாலும் இரண்டு வகையில்தான் மாட்டியிருக்கும். ஒன்று பின் டைப், வீட்டில் இருக்கும் பெரிய பின் டைப் பல்பின் குட்டி வடிவம், அடிப்பாகம் 15 மில்லிமீட்டர் குறுக்களவு, அடியில் இரண்டு ஈயப் பொட்டு, பக்கவாட்டில் நேரெதிராக இரண்டு பின். இதற்குப் பெயர் பி15டி. உள்ளே அழுத்தி, இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வெளியே இழுக்க வேண்டும். இன்னொன்று ஸ்க்ரூ டைப், 14 மில்லிமீட்டர், ஈ14 என்பார்கள். இதை அழுத்தாமல் இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். எது என்று தெரியாமல் பின் டைப்பைத் திருகு திருகென்று திருகினால் கண்ணாடி தனியாக, அடிப்பாகம் தனியாக வந்துவிடும். அதனால் முதலில் மெதுவாக அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் மாதிரி உள்ளே போனால் அது பின் டைப்.

எந்த மெஷினில் எது என்று கேட்டால், எஸ்டேட் பங்களாக்களிலிருந்து ஏலத்திலும் பழைய சாமான் கடையிலும் கை மாறி வந்த 201கே, 15கே மாதிரி சிங்கர் மெஷின்களில் பின் டைப் அதிகம். அந்த ‘கே’ ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும், அது 1980-ல் மூடப்பட்டது. உஷா, மெரிட், ரீட்டா என்று நம் ஊர் மெஷின்களில் மோட்டாரும் லைட்டும் பிற்பாடு பொருத்தியவை. யார் எந்த லைட்டை வாங்கி மாட்டினார்களோ அந்த வகை. மெஷின் பெயரைச் சொல்லிப் பல்பு கேட்காதீர்கள், கழற்றிய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பல்பு இறுகிப்போய் வரவில்லையா? சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி பல்பைச் சுற்றிப் பிடித்துத் திருப்புங்கள். மூடி குறுகலாக இருந்து விரல் நுழையவில்லை என்றால், பல்பின் தலையில் இறுக்கமாக உட்காரும் ஒரு ரப்பர் குழாயை மாட்டித் திருப்பினால் வரும். கண்ணாடி உடைந்துவிட்டால், பிளக் இன்னும் தரையில்தான் கிடக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, தடித்த துணியால் கையை மூடிக்கொண்டு, நோஸ் பிளையரால் அடிப்பாகத்தின் உலோக விளிம்பைப் பிடித்துத் திருப்புங்கள். உருளைக்கிழங்கை வெட்டி உள்ளே அழுத்தித் திருப்பும் வழியைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், ஏற்கெனவே ஈரத்தால் கெட்ட ஹோல்டருக்குள் கிழங்கின் தண்ணீரையும் விடுவானேன்.

பல்பு கையில் வந்தாயிற்று. இனிதான் முக்கியமான கட்டம், பெரும்பாலானவர்கள் தாண்டிப்போய்விடுவதும் இதைத்தான். டார்ச் அடித்து ஹோல்டருக்குள் பாருங்கள். பின் டைப்பில் உள்ளே இரண்டு குட்டிப் பித்தளை முனைகள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும். பிளக் வெளியே இருக்கும் நிலையில் ஒரு தீக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் உடனே மேலே வர வேண்டும். ஒன்று உள்ளேயே நின்றுவிட்டால் அது பல்பைத் தொடாது, அவ்வளவுதான் உங்கள் கோளாறு. ஸ்க்ரூ டைப்பில் அடியில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும், வருடக்கணக்கில் அழுந்தித் தட்டையாகியிருக்கும், அதை இம்மியளவு மேலே தூக்கிவிடுங்கள்.

பச்சைக் களிம்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளைத் தீக்குச்சி நுனியில் சுற்றி, முனைகள் பளபளக்கும் வரை தேயுங்கள். பிறகு மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். நேராக உள்ளே அடிக்க வேண்டாம். மருந்துக் கடை ஸ்பிரிட்டும் வேலை செய்யும், ஆனால் பழைய கறுப்பு சிங்கராக இருந்தால் ஒரு சொட்டுகூட உடம்பில் விழக் கூடாது. அந்தத் தங்க நிறப் பூவேலையின் மேல் இருக்கும் பூச்சு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், எண்பது தொண்ணூறு வருடம் தாங்கிய பூவேலை ஒரு நிமிடத்தில் போய்விடும். கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஹோல்டரைச் சுற்றிப் படிந்த பஞ்சுத் தூசியையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இங்கே கம்பளித் துணி, ஸ்வெட்டர் தைப்பவர்கள் மெஷினில் அது மெத்தையாகவே சேர்ந்திருக்கும், எண்ணெயில் ஊறிய தூசி சூடான பல்பில் ஒட்டினால் கருகி நாற்றம் வரும்.

அப்படியே ஹோல்டருக்குப் போகும் வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். பழைய வயர்களில் ரப்பர் உறை, அதற்கு மேல் நூல் பின்னல். ரப்பர் காய்ந்து பொருபொருவென்று உதிர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டேப் ஒட்டிச் சமாளிக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று கோர் வயராக மாற்றி மெஷின் உடம்புக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஈரமான மலை வீட்டில் இந்தச் செலவுக்கு நான் யோசிக்கவே மாட்டேன்.

ஹோல்டர் சுத்தமான பிறகு பழைய பல்பையே மறுபடி போட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவே எரியும். மல்ட்டிமீட்டர் இருந்தால் பல்பைத் தனியாகவும் பார்க்கலாம், நல்ல 15 வாட் பல்பு குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் இழை அறுந்துவிட்டது, இப்போது வாங்கப் போகலாம்.

வாங்கும்போது வோல்ட்டை முதலில் பாருங்கள். மெஷினின் மோட்டார் தகட்டில் அச்சடித்திருக்கும். 200-220, 230-250 என்று இருந்தால் நம் ஊர் 230 வோல்ட் பல்பு சரி. அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷின், டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து ஓட்டுகிறீர்கள் என்றால் பல்பும் 110-120 வோல்ட்தான் இருக்க வேண்டும். அந்தப் பல்பை 230-ல் போட்டால் பளீரென்று ஒரு நொடி எரிந்து போய்விடும். இன்னொரு ஆபத்து, டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தொங்கும் இண்டிகேட்டர் பல்பு. அதுவும் 15 மில்லிமீட்டர், பார்க்க அச்சு அசல் நம் பல்பு, ஆனால் 12 வோல்ட். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் எடுத்துக் கொடுத்தாலும், “அண்ணா, இதில் எத்தனை வோல்ட் போட்டிருக்கு?” என்று கேட்டு நீங்களே படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளிச்சம் பற்றவில்லை என்று 15-க்குப் பதில் 25 வாட் போடவும் கூடாது, மூடிக்குள் சூடு ஏறி ஹோல்டரும் வயரும்தான் வேகும்.

எல்இடி போடலாமா? போடலாம், போடுங்கள் என்றே சொல்வேன். இரண்டு வாட்டுக்குள் பழைய பல்பைவிட நல்ல வெளிச்சம், விரல் சுடாது. 85 முதல் 265 வோல்ட் வரை என்று போட்டிருப்பதை வாங்கினால், சாயங்காலம் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் ஓடி வோல்டேஜ் இறங்கும்போதும் மினுக்காமல் எரியும். மஞ்சளும் வேண்டாம், நீலமடிக்கும் வெள்ளையும் வேண்டாம், 4000 கெல்வின் பக்கம் பாருங்கள், நிறம் காட்டும் அளவான சிஆர்ஐ 90 இருந்தால் இன்னும் நல்லது. மிஸ்ட் இறங்கிய மத்தியானத்தில் மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத்தான் தெரியும். தோடர் பூவேலைத் துணியில் பை, உறை தைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். பழைய பல்பு வழக்கமாக 22 மில்லிமீட்டர் குறுக்களவு, ஐந்தரை ஆறு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், எல்இடி அதைவிட நீண்டால் மூடி மூடாது.

ஆனால் எல்இடிக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பல்பு தன் சூட்டால் ஹோல்டரை உலர்த்திக்கொண்டே இருந்தது, எல்இடி அதைச் செய்யாது. அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பல்பைக் கழற்றி முனைகளைத் துடையுங்கள். கூடலூர், ஊட்டிக்காரர்கள் செப்டம்பர் முடிந்து, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் டிசம்பர் முடிந்து. தலைக்குந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் சில பெரியவர்கள் கைக்குச் சூடாக இருக்கிறது என்று மார்கழி, தையில் பழைய பல்பையே கேட்பார்கள். அவர்களுக்கு அதையே போட்டுக் கொடுங்கள், தப்பே இல்லை.

பல்பு எங்குமே கிடைக்கவில்லை என்றால் காந்த அடியோடு வளையும் கழுத்து வைத்த எல்இடி லைட் டெய்லர் சாமான் கடைகளில் உண்டு. இரும்பு உடம்பில் ஒட்டும், ஆனால் சிங்கர் 221 மாதிரி அலுமினிய மெஷினில் நிற்காது.

மாட்டும்போது பின் டைப்பை அழுத்தி வலப்பக்கம் திருப்பி, விட்டதும் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ டைப்பை விரல் பலத்துக்கு மட்டும் இறுக்குங்கள். மூடியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி எதுவும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் பிளக்கைச் சொருகுங்கள். வாங்கும்போதே இரண்டாக வாங்கி, மற்றதைத் துணியில் சுற்றி மெஷின் டிராயரில் வையுங்கள். பி15டியா ஈ14-ஆ, எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று ஒரு சீட்டில் எழுதி டிராயரின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.